ஆற்றங்கரை மேடையில் ‘உள்ளூர்க் குழு’ யார்? நியூயார்க் பேட்டரி நடன விழாவைப் பற்றிய விவாதம்

கரைவாசி எழுதியது:

ஆகஸ்ட் மாதத்தில் மன்ஹாட்டனின் ஹட்சன் கரையில் நடைபெறும் பேட்டரி நடன விழாவைப் பற்றி இக்குழுமத்தில் அவ்வப்போது ஓரிரு வரிகளில் பேசியிருக்கிறோம். நம்மில் பலர் பிள்ளைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போகும் விழா என்பதால், அதற்கென்று தனி விவாத இழை ஒன்று வேண்டும் எனக் கருதி இதைத் தொடங்குகிறேன்.

நியூயார்க்கில் நுழைவுச்சீட்டு இல்லாமல் நடக்கும் பொது நடன விழாக்களில் மிக நீண்ட காலமாகத் தொடர்வது இதுவே. ஜொனாதன் ஹாலண்டர் 1976இல் நிறுவிய பேட்டரி டான்ஸ் குழு, 1982இல் ‘டவுன்டவுன் டான்ஸ் ஃபெஸ்டிவல்’ என்ற பெயரில் இதை ஆரம்பித்தது. வங்கிகளும் பங்குச்சந்தையும் உள்ள மன்ஹாட்டனின் தென்முனைப் பகுதியில் அலுவலகம் முடிந்தால் தெருக்கள் வெறிச்சோடிவிடும் என்பதால், கட்டடங்களுக்கு நடுவே உள்ள சதுக்கங்களில், மதிய உணவுக்கு இறங்கி வருவோர் கண்ணில் படும்படி நடனத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். பிற்பாடு விழா ஆற்றங்கரைப் பூங்காக்களுக்கு நகர்ந்தது. வாக்னர் பூங்காவில் நடந்த ஆண்டுகளில், ஆடுபவர்களுக்குப் பின்னால் துறைமுகமும் சுதந்திர தேவி சிலையும் தெரிந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2012இல் வந்த சாண்டிப் புயலின் பாடத்தை வைத்து அந்தப் பூங்காவின் தரையை உயர்த்தி வெள்ளத்தடுப்புச் சுவர் எழுப்பும் பணி 2023இல் தொடங்கியபோது, விழா வடக்கே ராக்கஃபெல்லர் பூங்காவுக்கு இடம் மாறியது. இந்த பேட்டரி பார்க் சிட்டி முழுவதுமே ஆற்றைத் தூர்த்து உருவாக்கிய நிலம் என்பதும், உலக வர்த்தக மையத்துக்கு அடித்தளம் தோண்டிய மண் அதில் கொட்டப்பட்டது என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும்.

என் கேள்வி விழாவின் உள்ளடக்கத்தைப் பற்றியது. ஒவ்வொரு மாலையும் பல குழுக்கள் அடுத்தடுத்து ஆடுகின்றன. அவற்றில் நியூயார்க் குழுக்களும் உண்டு, வெளிநாட்டிலிருந்து வருபவையும் உண்டு. இந்நகரத்துச் சிறு குழுக்களுக்கு ஒத்திகை அறை வாடகையே பெருஞ்சுமையாக இருக்கும்போது, நகரத்தின் இலவச மேடையில் ஒரு பங்கு இடத்தை வெளிநாட்டு விருந்தினருக்குக் கொடுப்பது சரியா? இது உள்ளூர்க் குழுக்களின் விழாவாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய ரசிகர் எழுதியது:

கரைவாசி அவர்களே, நல்ல இழை. ஆனால் உங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்நகரத்தில் இலவச நடனத்துக்கு பேட்டரி விழாவைவிடப் பழைய வரலாறு ஒன்று உண்டு. சென்ட்ரல் பார்க்கிலுள்ள டெலகார்ட் திறந்தவெளி அரங்கில், நாடகத் தயாரிப்பாளர் ஜோசஃப் பாப் நடத்திய ஷேக்ஸ்பியர் நாடகங்கள் முடிந்த பிறகு, கோடையின் கடைசியில் இலவச நடன விழா நடத்துவார்கள். ஒரே மாலையில் பாலே, நவீன நடனம், பிற நாட்டு மரபு நடனம் என்று வெவ்வேறு குழுக்கள் வந்து போகும். எந்தக் குழுவின் பெயரும் தெரியாமல் வந்து உட்கார்ந்தவர், வீட்டுக்குப் போகும்போது ஏதோ ஒரு குழுவின் ரசிகராகிப் போவார். அந்த விழா 1980களின் தொடக்கத்தில் நின்றுபோனது. ஆனாலும் அதன் நினைவு எவ்வளவு ஆழமாக இருந்தது என்றால், 2004இல் சிட்டி சென்டர் அரங்கம் ‘ஃபால் ஃபார் டான்ஸ்’ விழாவை எல்லா இருக்கைக்கும் 10 டாலர் என்று தொடங்கியபோது, அந்தக் கலவை மாலைகளையே முன்மாதிரியாகக் கொண்டது. 2012இல் அதே விழா டெலகார்ட்டுக்கே போய் இலவசமாக நிகழ்ச்சி நடத்தியது.

கலவைதான் இத்தகைய விழாவின் உயிர். உள்ளூர்க் குழுக்களை மட்டும் வரிசையாக வைத்தால், ஒவ்வொரு குழுவின் உறவினரும் நண்பரும் தத்தம் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். வெளிநாட்டுக் குழு ஒன்றைப் பார்க்க வந்தவர்கள் காத்திருக்கும் இருபது நிமிடத்தில்தான் புரூக்ளினிலிருந்து வந்த சிறு குழுவுக்குப் புதுப் பார்வையாளர்கள் கிடைக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேட்டரி விழா தொடங்கிய அதே 1982இல்தான், எல்ஜின் என்ற பழைய திரையரங்கைப் புதுப்பித்து, நடனத்துக்கென்றே 472 இருக்கைகள் கொண்ட ஜாய்ஸ் அரங்கம் திறக்கப்பட்டது. சிறு குழு ஒன்று அத்தகைய அரங்கை எட்டிப் பிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆற்றங்கரைப் புல்வெளி அதற்கு முந்தைய படி. அந்தப் படியில் பெரிய குழுக்களோடு சேர்ந்து நிற்பதே உள்ளூர்க் குழுவுக்குப் பெருமை என்பது என் கருத்து.

தாளக்கட்டு எழுதியது:

இருவரும் ‘உள்ளூர்’ என்று சொல்லும்போது யாரை மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க விரும்புகிறேன். நான் நியூஜெர்சியில் பரதநாட்டியம் கற்பிக்கிறேன். என் மாணவிகள் இங்கேயே பிறந்தவர்கள். இங்குள்ள வீடுகளின் அடித்தளத்து அறைகளில் தட்டடவு, நாட்டடவு போன்ற அடிப்படை அசைவுகளைப் பழகி, உயர்நிலைப் பள்ளிக் கலையரங்கத்தை வாடகைக்கு எடுத்து அரங்கேற்றம் செய்தவர்கள். அவர்களில் சிலர் கல்லூரிக்குப் பிறகும் விடாமல் ஆடி, வேலைக்குப் போய்க்கொண்டே சிறு குழுக்களாக இயங்குகிறார்கள். இவர்கள் எல்லா வகையிலும் உள்ளூர்க் கலைஞர்கள். ஆனால் நியூயார்க்கின் நடனக் குழுக்கள் என்று யாராவது பட்டியல் போட்டால் இவர்களின் பெயர் அதில் வருவதில்லை. இந்திய நடனம் என்ற தனிப் பெட்டிக்குள் போய்விடுகிறார்கள்.

பேட்டரி விழாவுக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவு மேலோட்டமானதல்ல. ஹாலண்டர் பள்ளிப் பருவத்தில் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பம்பாயில் தங்கியவர். 1992இல் ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசு உதவித்தொகையில் மீண்டும் இந்தியா சென்றவர். விழாவில் ஆகஸ்ட் 15ஆம் நாள் மாலையை இந்திய நடனத்துக்கு ஒதுக்கும் வழக்கம் உருவானதற்கு அந்த உறவும் ஒரு காரணம். அதற்கு நான் மனமார நன்றி சொல்வேன். அந்த மாலையில் பரதநாட்டியமும் ஒடிசியும் கதக்கும் பார்த்த எத்தனையோ பேர் அதுவரை இந்திய நடனத்தை நேரில் பார்த்திராதவர்கள்.

இருந்தாலும் மற்ற மாலைகளிலும் பரதநாட்டியக் குழு ஒன்று நவீன நடனக் குழுவுக்கும் ஹிப்ஹாப் குழுவுக்கும் நடுவில் வந்து ஆட வேண்டும் என்பது என் ஆசை. இந்தியச் சுதந்திர தின மாலையில் ஆடும்போது பார்வையாளர் ஒரு நாட்டைப் பார்க்கிறார். கலவை மாலையில் ஆடினால் அந்த நடனக்காரி முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டி, அவளுடைய காலப்பிரமாணம் (தாள வேகம்), அவள் கண் போகும் இடம் ஆகியவற்றைப் பார்ப்பார். பழைய ரசிகர் ஐயா சொன்ன கலவையின் பயன் எங்களுக்கும் வேண்டும்.

மேடைப்பணி எழுதியது:

நான் திறந்தவெளி நிகழ்ச்சிகளில் ஒலி, மேடை அமைப்பு வேலை செய்பவன். யார் ஆட வேண்டும் என்ற விவாதத்தில் இறங்கும் முன், அந்த மேடை ஆடுபவருக்கு என்ன செய்கிறது என்பதையும் நண்பர்கள் அறிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

ஹட்சன் கரையில் மேடைக்குப் பின்னால் ஆறு இருந்தால் பார்வையாளர் மேற்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள். ஆகஸ்ட் நடுவில் அங்கே சூரியன் மறைவது ஏறத்தாழ எட்டு மணிக்கு. நிகழ்ச்சி ஏழு மணிக்குத் தொடங்கினால், முதலில் ஆடும் குழுவுக்குப் பின்னால் சூரியன் நேராக நிற்கும். பார்வையாளர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார்கள். ஆடுபவரின் முகம் நிழலில் இருக்கும். உடலின் கோடுகளை நம்பும் நவீன நடனத்துக்கு அது அழகாகக்கூட அமைந்துவிடும். கண்ணும் புருவமும் பேச வேண்டிய பதத்தை, அதாவது முகபாவத்தால் பொருள் உணர்த்தும் பாடலை, அந்த நேரத்தில் வைத்தால் முன்வரிசையில் இருப்பவருக்குக்கூட அபிநயம் தெரியாது. இருட்டிய பிறகு மேடை விளக்குகள் வேலை செய்யத் தொடங்குகின்றன; கடைசிக் குழுவுக்கு வண்ணம், நிழல், ஒளி அடங்குதல் எல்லாம் கிடைக்கும். ஒரே மாலையில் முதல் குழுவும் கடைசிக் குழுவும் ஆடுவது இரு வேறு மேடைகளில் என்றே சொல்லலாம். எந்தக் குழு எந்த இடத்தில் வருகிறது என்பது விருந்தினரா உள்ளூரா என்ற கேள்வியைவிடப் பெரியது.

அடுத்தது தரை. மேலே விரிக்கும் வினைல் விரிப்பை எல்லோரும் மார்லி என்கிறோம். அதற்கு அடியில் அதிர்வைத் தாங்கும் மரத்தளம் இருந்தால்தான் முழங்காலும் கணுக்காலும் பிழைக்கும். காங்கிரீட்டின் மேல் நேரடியாக மார்லியை விரித்து ஆடச் சொல்லும் நிகழ்ச்சிகளை நான் பார்த்திருக்கிறேன். பரதநாட்டியம் போல் பாதத்தை முழுவதுமாகத் தட்டி ஆடும் நடனத்துக்கு அது கொடுமை. கருமை நிற விரிப்பு பகல் முழுவதும் வெயிலில் கிடந்தால் வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்குச் சுடும் என்பதால், ஒத்திகை முடிந்ததும் வெள்ளைத் துணியால் மூடி வைப்போம். பொழுது சாய்ந்ததும் சிக்கல் தலைகீழாகிவிடும். ஆற்றங்கரை ஈரக்காற்றில் விரிப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். ஒவ்வொரு நடன உருப்படிக்கும் இடையில் நான்கு பேர் துண்டோடு ஓடிப் போய்த் துடைக்க வேண்டும்.

பரதநாட்டியக் குழுக்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். பாதத்தில் இடும் சிவப்புச் சாயம் அந்த ஈரத்தில் கரைந்து விரிப்பில் அடையாளம் விடும். அடுத்து வரும் குழு வெள்ளை உடையில் தரையில் உருளப் போகிறது என்றால் பின்மேடையில் சங்கடம் வரும். நன்றாக உலரும் சாயத்தை முந்திய இரவே இட்டுக்கொண்டு வாருங்கள். தாளக்கட்டு அம்மா கேட்கும் கலவை மாலையில் இத்தகைய சிறு ஏற்பாடுகள்தான் குழுக்களுக்கு இடையே மரியாதையை வளர்க்கும்.

வேம்பு எழுதியது:

முதன்முறையாகப் போக இருக்கிறேன். என் மாமியாருக்குத் தரையில் உட்கார முடியாது. நாற்காலி கிடைக்குமா? எந்த ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும்?

கரைவாசி எழுதியது:

வேம்பு அவர்களே, விழா ராக்கஃபெல்லர் பூங்காவில் நடந்தால் சேம்பர்ஸ் தெரு நிலையத்தில் இறங்கி மேற்கே நடக்க வேண்டும். பார்வையாளர் பெரும்பாலும் புல்வெளியில் விரிப்பு போட்டு உட்காருவார்கள். பெரியவருக்கு மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஓரமாகப் போட்டுக்கொள்வது நல்லது. முன்னால் போட்டால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். கரையோரம் வெயில் தணிந்ததும் காற்று குளிரும். மெல்லிய சால்வை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். மழை வரும் போலிருந்தால் புறப்படுவதற்கு முன் விழாவினரின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

மேடைப்பணி அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. குழுக்களின் வரிசையைப் பற்றி நான் இப்படி யோசித்ததில்லை.

கொலுசு எழுதியது:

தாளக்கட்டு அவர்களின் கருத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஆகஸ்ட் 15 மாலையைத் தனிப் பெட்டி என்று சொல்வது அதன் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதாகும். இந்திய அமெரிக்கக் கலை மன்றம் 2008இல் ‘இரேசிங் பார்டர்ஸ்’ என்ற இந்திய நடன விழாவைத் தொடங்கி, பேட்டரி விழாவோடு கைகோத்து அந்த மாலையை வளர்த்தது. இந்தியாவிலிருந்து வரும் முதிர்ந்த கலைஞரும் இங்கே வளர்ந்த இளையவரும் ஒரே மேடையில் ஆடும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கிறது? குவீன்ஸிலிருந்தும் நியூஜெர்சியின் எடிசனிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் ரயிலேறி வருவதும் அந்த மாலைக்காகத்தான். சாதாரண வியாழக்கிழமை மாலையில் எட்டு நிமிட நவீன நடனத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள்.

நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். கலவை மாலையில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது பொதுவாகப் பத்து, பதினைந்து நிமிடம். நம் கச்சேரி மரபில் வர்ணம் என்ற முக்கிய உருப்படி ஒன்றே முப்பது, நாற்பது நிமிடம் போகும். அதை வெட்டிப் பத்து நிமிடமாக்கினால், பாடலின் பொருளை விரித்துக் காட்டும் சஞ்சாரி போய்விடும், தாளச் சொற்கட்டுக்கு ஆடும் ஜதிகள் மட்டும் மிஞ்சும். பார்ப்பவர் பரதநாட்டியம் என்றால் வேகமான கால்வேலை என்று நினைத்துக்கொண்டு போவார். தனி மாலையில் நம் கலைக்கு உரிய அளவும் ஒழுங்கும் காக்கப்படுகின்றன. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

பழைய ரசிகர் எழுதியது:

கொலுசு அம்மா சொல்லும் நேரக் கணக்கு நியாயமானது. ஆனாலும் குறுகிய நேரத்தில் ஆழத்தைக் காட்ட முடியாது என்பதை ஏற்க இயலவில்லை. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மையார் 1962இல் மாசசூசெட்ஸிலுள்ள ஜேக்கப்ஸ் பில்லோ விழாவில் ஆடியபோது, அங்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெலுங்கும் தமிழும் தெரியாது. ஆனாலும் அமெரிக்க நடன உலகம் அவரை மறக்கவில்லை. ஒரே ஒரு பதத்தை எந்த வெட்டும் இல்லாமல் முழுமையாக ஆட, இருட்டிய பிறகு கிடைக்கும் பத்து நிமிடம் போதும்.

வடகிழக்குக் காற்று எழுதியது:

எல்லோரும் கலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பணத்தைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். இலவசம் என்பது பார்வையாளருக்கு. ஆடுபவருக்கும் அது இலவசமாக முடிந்துவிடக் கூடாது. வேறு ஊர் ஒன்றின் கோடை விழாவில் என் தங்கையின் குழு ஆடியது. உங்கள் திறமை பலர் கண்ணில் படும் என்று சொல்லி, போக்குவரத்துச் செலவைக்கூடத் தரவில்லை. ஆறு பேர் இரண்டு கார்களில் போய், வாகனம் நிறுத்தக் கட்டணம் கட்டி, புல்வெளி ஓரத்துக் கூடாரத்தில் கைபேசி விளக்கில் தலைசாமான் கட்டிக்கொண்டு ஆடிவிட்டு வந்தார்கள். ஒலிபெருக்கி வாடகைக்கும் கூடாரத்துக்கும் பணம் ஒதுக்கிய அமைப்பு, நடனத்துக்கு மட்டும் ஒதுக்கவில்லை.

இலவச விழா நிற்பதற்கு நகரப் பண்பாட்டுத் துறை, மாநிலக் கலைக் குழு, தனியார் அறக்கட்டளைகள், நன்கொடையாளர் எனப் பல கைகள் வேண்டும். 2025 மே மாதத்தில் மத்திய அரசின் தேசியக் கலை நிதியம் நாடெங்கும் பல அமைப்புகளுக்குக் கொடுத்திருந்த மானியங்களை ஒரேயடியாக ரத்து செய்தது நினைவிருக்கும். நிதி குறையும்போது முதலில் வெட்டு விழுவது கலைஞரின் ஊதியத்தில்தான். ஆகவே எந்த விழாவுக்கு விண்ணப்பித்தாலும், ஊதியம் எவ்வளவு, பயணப்படி உண்டா, தரை எப்படிப்பட்டது, உடைமாற்ற இடம் உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கேட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்று நம் பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் போக்குவது ஆசிரியர்களின் பொறுப்பு.

மேடைப்பணி எழுதியது:

இதை நானும் வழிமொழிகிறேன். ஒழுங்காக நடத்தப்படும் விழாக்கள் இந்தக் கேள்விகளை வரவேற்கவே செய்யும். நேரடி இசையோடு ஆட விரும்புவோர் இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேளுங்கள்: ஒலிவாங்கிகளுக்குக் காற்றுத் தடுப்பு உண்டா, சலங்கை ஒலியைப் பிடிக்க மேடை விளிம்பில் தனி ஒலிவாங்கி வைப்பார்களா. நடனத்தை வழிநடத்தும் நட்டுவாங்கத் தாளத்தின் கூர்மையை ஆற்றுக் காற்று மழுக்கிவிடும். படகுச் சங்கும் ஹெலிகாப்டர் சத்தமும் வேறு உண்டு. ஆலாபனையை முணுமுணுப்பாகத் தொடங்கினால் கேட்காது. பதிவுசெய்த இசை பாதுகாப்பானதுதான், ஆனால் மிருதங்கமும் குரலும் நேரில் வந்த மாலைகளில் புல்வெளியில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

தாளக்கட்டு எழுதியது:

கொலுசு அம்மா, ஆகஸ்ட் 15 மாலையை எடுத்துவிட வேண்டும் என்று நான் எண்ணவே இல்லை. அந்த மாலைக்கு என் மாணவிகளோடு நானும் வந்து உட்காருகிறேன், இனியும் வருவேன். அது இருக்கட்டும், இதுவும் வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஒரு நகரத்தில் வாழ்ந்து, வரி கட்டி, அங்கேயே கற்று, அங்கேயே கற்பிக்கும் கலைஞரை ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் விருந்தினர் போல அழைப்பது போதாது. மற்ற நாட்களின் நிகழ்ச்சி நிரலிலும் அவர் பெயர் இயல்பாக வர வேண்டும்.

அதற்கு நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. கலவை மாலைகளுக்கு நம் குழுக்களில் எத்தனை விண்ணப்பிக்கின்றன? நான் விசாரித்த வரையில், விண்ணப்பமே திறந்திருக்கிறது என்று பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் அது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கோயில் விழாவுக்கும் சங்க ஆண்டு விழாவுக்கும் ஆடத் தயாராக இருக்கும் குழு, தெரிவுக் குழுவுக்கு அனுப்ப ஒரு நல்ல காணொளிகூட வைத்திருப்பதில்லை. அரங்கேற்றக் காணொளியில் நெருக்கக் காட்சிகளும் மலர் அலங்காரமும் மாறி மாறி வரும். ஆடுபவரின் பாதம் முழுவதும் தெரியும் காட்சி ஒரு நிமிடம்கூட நீடிக்காது. தெரிவு செய்பவருக்குத் தேவை ஒரே இடத்தில் நிலையாக வைத்த ஒளிப்படக் கருவி, தலை முதல் கால் வரை உடல், வெட்டாத ஒரு உருப்படி.

எங்கள் குழு இந்த முறை கலவை மாலைக்கு விண்ணப்பிக்கிறது. வர்ணத்தை வெட்டும் எண்ணம் இல்லை. க்ஷேத்ரய்யா இயற்றிய தெலுங்குப் பதம் ஒன்றை முழுமையாக, ஒருத்தி மட்டும் ஆட, பாடகியும் மிருதங்கக்காரரும் மேடையில் அமர்ந்திருக்க அனுப்புகிறோம். விண்ணப்பத்தில், சூரியன் மறைந்த பிறகு நேரம் கொடுக்கும்படி காரணத்தோடு கேட்டிருக்கிறேன். மேடைப்பணி அவர்கள் சொன்ன காற்றுத் தடுப்பையும் ஊதிய விவரத்தையும் சேர்த்தே கேட்டிருக்கிறேன். நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட் பகுதிகளிலுள்ள ஆசிரியர்கள் யாருக்கேனும் காணொளி எடுக்கவோ விண்ணப்பம் எழுதவோ துணை வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஞாயிறு காலைகளில் எங்கள் பயிற்சி அறை காலியாக இருக்கிறது. வெள்ளைச் சுவர், நல்ல மரத்தளம், ஒரு முக்காலி உண்டு. உங்கள் மாணவிகளை அழைத்து வந்து படம்பிடித்துக்கொள்ளலாம்.